வாசகர் கேள்வி – பதில்: எஃகுக்குள் நுழையும் ஹைட்ரஜன்

கேள்வி: துத்தநாக முலாம் பூசுவதற்கு முன், மிக வலிமையான 12.9 தர எஃகு போல்ட்டுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துத் துரு நீக்குகிறோம். அப்போது எழும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி எஃகுக்குள் புகுந்து, பின்னர் போல்ட்டை முறித்துவிடும் என்கிறார்கள். இரும்பு கரைவதைக் குறைக்கும் தடுப்பானை அமிலத்தில் சேர்த்த பிறகு குமிழ்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆபத்தும் குறைந்துவிட்டது என்று கொள்ளலாமா? உள்ளே போனதை எப்படி அளப்பது?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: அப்படிக் கொள்ளக் கூடாது. உருவாகும் ஹைட்ரஜன் வேறு, உள்ளே நுழையும் ஹைட்ரஜன் வேறு. ஒன்று குறையும்போது மற்றொன்று கூடுவதும் உண்டு.

உருவாவதை அளப்பது எளிது. துரு கரைவதால் ஹைட்ரஜன் வருவதில்லை. அதன் அடியில் உள்ள இரும்பு கரைவதால்தான் வருகிறது. கரையும் ஒவ்வொரு இரும்பு அணுவும் விட்டுச்செல்லும் இரண்டு எலக்ட்ரான்களை அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் பெற்றுக்கொள்கின்றன. ஆக்சிஜன் குறுக்கிடாத அமிலத்தில் 56 கிராம் இரும்பு கரைந்தால் 2 கிராம் ஹைட்ரஜன் உருவாகும். எனவே துருவற்ற மாதிரித் துண்டின் எடை இழப்பே போதிய கணக்கைத் தந்துவிடும்.

உருவான அணு முதலில் எஃகின் மேற்பரப்பில் ஒட்டி நிற்கிறது. இன்னோர் அணுவோடு இணைந்தால் குமிழாக வெளியேறுகிறது. இணையாவிட்டால் தனி அணுவாகவே எஃகுக்குள் நுழையக்கூடும். ஹைட்ரஜன் சல்பைடு, ஆர்செனிக் போன்றவை இந்த இணைப்பைத் தடுப்பவை. தடுப்பானாகப் பயன்படும் தயோயூரியாவும், அரிமானத்தைக் குறைத்தாலும், ஹைட்ரஜன் நுழைவைக் கூட்டக்கூடியது. ஆகவே உங்கள் தடுப்பானில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டறியுங்கள்.

நுழைவை அளக்கும் முறையை 1962-இல் தேவநாதன், ஸ்டாக்குர்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் பல்லேடியம் என்ற உலோகத்தைக் கொண்டு நிறுவிக் காட்டினர். பின்பு அதை இரும்புக்கும் பயன்படுத்தினர். இரண்டு அறைகளுக்கு நடுவே மெல்லிய எஃகுத் தகடு சுவராக நிற்கும். ஒருபுறம் அமிலம்; மறுபுறம் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு. மறுபுற முகத்தில் வழக்கமாகப் பல்லேடியம் பூசி, தகட்டைக் கடந்து வரும் ஒவ்வொரு அணுவும் உடனே தன் எலக்ட்ரானை இழக்கும்படியான மின்னழுத்தத்தில் அதை நிறுத்துவார்கள். அந்த மின்னோட்டமே எண்ணிக்கை: 1 மைக்ரோஆம்பியர் என்றால் நொடிக்குச் சுமார் 6 லட்சம் கோடி அணுக்கள். அரிமான ஆய்வில் இவ்வளவு நேரடியான கணக்கு அபூர்வம் என்பதால்தான் இந்த முறை இன்றும் நிலைத்திருக்கிறது.

மின்னோட்டம் எழப் பிடிக்கும் நேரத்திலிருந்து பரவல் வேகமும் தெரியவரும். ஒரு மில்லிமீட்டர் தூய இரும்பைக் கடக்க நொடிகள் போதும். கடினமான எஃகில், அணு அடுக்கில் உள்ள பிழை இடங்களும் கார்பைடு (கார்பன் சேர்மம்) துகள்களும் அணுக்களைப் பிடித்துவைப்பதால், அதற்கு மணிக்கணக்கும் ஆகலாம்.

இது தகட்டின் கதைதான். போல்ட்டிலேயே எவ்வளவு தங்கியுள்ளது என்று அறிய, அதை வெட்டிய துண்டைப் படிப்படியாகச் சூடேற்றி வெளிவரும் வாயுவை அளக்க வேண்டும். மிக வலிமையான எஃகைப் பலவீனப்படுத்த எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே போதும் என்பதாலும், அறை வெப்பத்திலேயே ஹைட்ரஜன் கசிந்துவிடும் என்பதாலும் துண்டைத் திரவ நைட்ரஜனில் வைத்தே ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்வார்கள். அந்தக் கசிவைக் கண்ணாலேயே காணலாம். அமிலத்தில் ஊறிய இரும்புக் கம்பியை முறித்து, முறிந்த முகத்தை ஈரமாக்கினால் அதிலிருந்து நுண்குமிழ்கள் கிளம்புவதை 1875-இலேயே ஜான்சன் என்பவர் பதிவு செய்திருக்கிறார்.

கேள்வி: முலாம் பூசிய பிறகு அடுப்பில் சூடேற்றினால் ஹைட்ரஜன் போய்விடாதா?

பதில்: பெரும்பகுதி போகும். வழக்கமாக 190 முதல் 220 டிகிரி செல்சியஸில், முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் தொடங்கிப் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். துத்தநாகப் படலமே ஹைட்ரஜன் வெளியேறுவதை மறிப்பதால் அவசரப்பட்டு நேரத்தைக் குறைக்காதீர்கள். போல்ட்டுகளோடு சேர்த்தே வெட்டுப்பள்ளமிட்ட சோதனைக் கம்பிகளுக்கும் முலாம் பூசிச் சூடேற்றி, அவற்றின் முறிவு வலிமையில் 75 சதவீதச் சுமையை 200 மணி நேரம் ஏற்றிப் பாருங்கள். 12.9 தரத்துக்கு அமிலத்தை அறவே விட்டு, மணல் வீச்சு போன்ற இயந்திர முறையில் துரு நீக்குவதையே நான் பரிந்துரைப்பேன்.