அவரிடம் எப்போது சொல்வது, எதைச் சொல்வது?

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர்களில் வேலை பார்க்கும் மனநல சமூகப் பணியாளர் ஒருவர், உணர்ச்சியும் உறவும் நிலைகொள்ளாமல் அலைபாயும் 'பார்டர்லைன்' ஆளுமைக் கோளாறு பற்றியும், அதைத் துணையிடம் சொல்வது பற்றியும் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அக்கா, எனக்கு பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் என்று கோவையில் சொன்னார்கள். பழகுபவரிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது?

பதில்: பெயரில் ஆரம்பிக்காதீர்கள். அவர் உடனே போனில் தேடுவார். அங்கே வருவதில் பாதி பயமுறுத்தும் சரக்கு. மனநோய்களை அடையாளம் காண டாக்டர்கள் பார்க்கும் டி.எஸ்.எம். என்ற அமெரிக்கக் கையேட்டில் இதற்கு 9 அறிகுறிகள் உண்டு, 5 இருந்தாலே இந்தப் பெயரைக் கொடுத்துவிடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே பெயர் வாங்கிய இரண்டு பேருக்கு ஒரேயொரு அறிகுறிதான் பொதுவாக இருக்கும் என்றுகூட ஆகலாம். அதனால் உங்களுக்கு என்ன நடக்கிறதோ அதைச் சொல்லுங்கள். "நீங்க போன் எடுக்கலைன்னா, விட்டுட்டுப் போயிட்டீங்கன்னே மனசு முடிவு கட்டிடுது. அப்ப கன்னாபின்னான்னு பேசிடுறேன். அதுக்குத்தான் கவுன்சிலிங் போறேன்." இது புரிந்த பிறகு பெயரைச் சொல்லலாம்.

சண்டைக்கு நடுவில் வேண்டாம், சண்டை முடிந்த ராத்திரியிலும் வேண்டாம். சாக்கு மாதிரிக் கேட்கும். அவர் முதலில் சொல்லும் வார்த்தையை வைத்து ஆளை முடிவு செய்யவும் வேண்டாம். "ஓ, அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாலு நாள் கழித்து நல்ல கேள்வியோடு வருபவர்கள் உண்டு. ஆனால் அடுத்த சண்டையில் "நீதான் பைத்தியமாச்சே" என்று அதையே எடுத்து வீசினால், அந்த ஆளைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி (வேலந்தாவளம்): நேரில் சொல்ல வாய் வரவில்லை. ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்பிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். அது எத்தனை போனுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? கடிதமாக எழுதி, பக்கத்தில் உட்கார்ந்து படிக்கக் கொடுங்கள்.

கேள்வி (சித்தூர்): வீட்டில் வரன் பார்க்கிறார்கள். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும், வாயத் திறக்காத" என்கிறார் அம்மா. மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்பத்திரியில் விசாரித்தால் சொல்லிவிடுவார்களா?

பதில்: சொல்லக் கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் விவரத்துக்கு ரகசியக் காப்பு தருகிறது. கோர்ட் உத்தரவு, பிறருக்கு ஆபத்து என்று சில விதிவிலக்குகள் உண்டு. நம் பக்கத்தில் விஷயம் கசிவது பெரும்பாலும் கோவை பஸ்ஸில் கூட வந்த ஒன்றுவிட்ட சித்தி வழியாகத்தான்.

அம்மாவின் பயம் புரிகிறது, யோசனை தவறு. 1955 இந்து திருமணச் சட்டம் 12ஆம் பிரிவுப்படி, முக்கியமான விவரத்தை மறைத்து மோசடியாகச் சம்மதம் வாங்கிய திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். விஷயம் தெரிந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். உங்கள் நோய் அதில் வருமா என்பது வக்கீல்கள் வாதாடும் விஷயம். அந்த வாதம் வரைக்கும் போவானேன்? இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: விவாகரத்து கேட்க நோயின் பெயர் மட்டும் போதாது, அதன் தீவிரத்தைப் பார்க்க வேண்டும் என்று 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிச்சயத்துக்கு முன், மாப்பிள்ளையிடம் நீங்களே பேசுங்கள். தரகர் வழியாகச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

கேள்வி (கோபாலபுரம்): என் காதலி போன மாதம் சொன்னாள். கோபத்தில் கையைக் கீறிக்கொள்கிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

பதில்: நோய் விஷயத்தை ரகசியமாக வைத்திருங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும்போது அந்தச் சத்தியம் செல்லாது, தம்பி. இதைக் கோபம் இல்லாத நேரத்திலேயே அவளிடம் சொல்லிவைத்து, அப்போது யாரைக் கூப்பிடலாம் என்று அவளையே பெயர் சொல்லச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 இலவச எண். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். அப்புறம், நீங்கள் அவளுடைய டாக்டர் ஆகிவிடாதீர்கள். ராத்திரி முழுக்க போனில் காவல் இருந்தால் ஒரு மாதத்தில் நீங்களே ஓய்ந்துவிடுவீர்கள்.

கேள்வி (மீனாட்சிபுரம்): "மாத்திரை சாப்பிட்டால் போய்விடுமா?" என்று அவர் கேட்கிறார். என்ன சொல்ல?

பதில்: இந்த நோய்க்கென்றே தனி மாத்திரை கிடையாது, கூடவே வரும் மனச்சோர்வு, பதற்றத்துக்குத்தான் கொடுப்பார்கள். முக்கிய வைத்தியம் பேச்சுவழிச் சிகிச்சை. அதில் பெயர் பெற்ற, கொந்தளிக்கும் உணர்ச்சியைக் கையாளப் பழக்கும் டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், இளம் வயதில் தானே மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011இல்தான் வெளியே சொன்னார். பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் நோய் என்று சொல்ல முடியாத அளவுக்குக் குறைந்தன. வேலையும் உறவும் சீராகத்தான் கூடுதல் காலம் பிடித்தது. அவரிடம் இப்படியே சொல்லுங்கள். இப்போது மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.