கரடிக் குகையும் தலைக்கட்டு வரியும்

அன்புள்ள அண்ணாச்சி,

கொடை விழாக்களைப் பத்தியும் வில்லுப்பாட்டு பத்தியும் நீங்க எழுதுனதையெல்லாம் விடாம வாசிக்கவன் நான். இப்ப கேக்கப்போறது ஒரு கம்ப்யூட்டர் கேம் பத்தி. நீங்களும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுவீகன்னு ஒரு பதில்ல சொல்லியிருந்தீக. அந்தத் தைரியத்துலதான் எழுதுதேன்.

நான் அம்பையில ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில வேலை பாக்கேன். அதோட பழைய வடிவமான கிளாசிக்ல நைட் எல்ஃப் ஹண்டர், அதாவது வேட்டைக்கார கேரக்டர் ஒண்ணு வச்சு 60 லெவல் போனேன். அதுக்கப்புறம் டிம்பர்மா ஹோல்ட்ங்கற குகைக் கரடிகள்கிட்ட ரெப், அதாவது நல்ல பேரு, ஏத்த ஆரம்பிச்சு எக்ஸால்டட்ங்கற கடைசிப் படி வரைக்கும் கொண்டுபோனேன். ஒரு மழைக்காலம் முழுக்க அதுலயே போச்சு. இப்ப ஹியூமன் மேஜ், அதாவது மந்திரவாதி ஒண்ணு தொடங்கி 48-க்கு வந்திருக்கேன். ஃபெல்வுட் வழியா விண்டர்ஸ்ப்ரிங் போகலாம்னு அந்தக் குகைக்குள்ள நுழைஞ்சா, யாருக்காக அவ்வளவு பாடுபட்டேனோ அதே கரடிக என்னை அடிச்சுக் கொன்னுட்டு. மனசு விட்டுப்போச்சு அண்ணாச்சி.

புது வார்கிராஃப்ட்ல ஒரு கேரக்டர் சம்பாதிச்ச ரெப்பு அக்கவுண்ட்ல உள்ள எல்லாத்துக்கும் சேர்ந்துருமாமே? அதுதானே நியாயம்? ஹண்டரும் நான்தான், மேஜும் நான்தான். கூட்டாளி ஒருத்தன், "லெவலை வேணா பூஸ்ட் பண்ணித் தாரேன், ரெப்பை நீயே பாத்துக்கோ"ங்கான். எனக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டுந்தான் நேரம். என்ன செய்யலாம்னு சொல்லுங்க.

அன்புடன்,
எஸ்., கல்லிடைக்குறிச்சி

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மேஜ் அந்தக் கரடிகளிடம் தன் பெயரைத் தானே சம்பாதிக்கட்டும். கிளாசிக்கில் உள்ள முறைதான் சரி. கூட்டாளியின் பூஸ்ட் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வந்தது. அதன் பழைய வடிவத்தை 2019-ல் 'கிளாசிக்' என்று மறுபடி திறந்தார்கள். தம்பி ஆடுவது அதைத்தான். அதில் உச்ச லெவல் 60. மிருகங்களைக் கொன்றும் குவெஸ்ட் என்ற பணிகளை முடித்தும் எக்ஸ்பி என்ற அனுபவப் புள்ளி சேர்த்தால் லெவல் ஏறும். நம் லெவலை 5-ஆல் பெருக்கி 45-ஐக் கூட்டினால், நமக்குச் சமமான லெவல் மிருகம் ஒன்றைக் கொல்வதில் எவ்வளவு வரும் என்று தெரிந்துவிடும். 48-ல் இருப்பவருக்கு 285. எங்கே கொன்றாலும் அதே கணக்கு.

ரெப் அப்படிச் சேர்வதில்லை. அந்த உலகத்தில் பல கூட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டமும் உங்களை எப்படி நினைக்கிறது என்பதற்கு எட்டுப் படிகள்: ஹேட்டட், ஹாஸ்டைல், அன்ஃப்ரெண்ட்லி, நியூட்ரல், ஃப்ரெண்ட்லி, ஹானர்ட், ரெவர்ட், எக்ஸால்டட். நியூட்ரலிலிருந்து ஃப்ரெண்ட்லிக்கு 3,000 புள்ளி, அடுத்த படிக்கு 6,000, அதற்கடுத்து 12,000, கடைசிப் படிக்கு 21,000. ஆக மொத்தம் 42,000. டிம்பர்மா கரடிகளிடம் நாம் நியூட்ரலில்கூடத் தொடங்குவதில்லை. கண்டதும் அடிக்கிற பகையில் தொடங்குகிறோம். நம் லெவல் நம்முடைய உடம்பில் இருக்கிறது. ரெப் அடுத்தவர்களின் நினைப்பில் இருக்கிறது. அந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். நாம் செய்ததை நினைவில் வைத்திருக்கும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள்.

"ரெண்டும் நான்தானே" என்கிறீர்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பது ஒருவர்தான், சரி. ஆனால் குகைவாசலில் நிற்கும் கரடிக்கு நாற்காலி தெரியாது. அது உங்கள் மேஜ் கேரக்டரை முன்பின் பார்த்ததில்லை. பார்த்திராத ஒருவனை அது என்ன சொல்லி உள்ளே விடும்? 'இவன் அந்த ஹண்டரைச் சேர்ந்தவன்' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். புதிய வார்கிராஃப்டில் 2024-லிருந்து நடப்பது அதுதான். ஒரு அக்கவுண்டில் உள்ளவர்கள் எல்லோரையும் 'வார்பேண்ட்' என்று ஒரே கூட்டமாக்கிவிட்டார்கள். பெரும்பாலான ரெப் அந்தக் கூட்டத்துக்குப் பொது.

இதைப் படித்தபோது எனக்கு நம் பக்கத்துக் கொடைதான் நினைவுக்கு வந்தது. கொடைக்கு நாள் குறித்ததும் ஊர்க்கூட்டம் போட்டுத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வைப்பார்கள். கல்யாணமாகாத மகன் அப்பாவின் தலைக்கட்டுக்குள் அடக்கம். கல்யாணமாகிவிட்டால் அவன் புதுத் தலைக்கட்டு, வரி நோட்டில் அவன் பெயர் தனியாக ஏறும். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள்கூட வரியைச் சரியாக அனுப்பிவிடுவார்கள். பணம் பெரிதல்ல. நோட்டில் பெயர் இருந்தால் ஊர்க்காரன். மகுடம் முழங்க கணியான் கூத்து நடக்கும்போது முன்வரிசையில் உட்காரலாம், படையல் சோற்றில் பங்கு கேட்கலாம், கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை பேசலாம்.

அந்த நோட்டில் பெயர் ஏறாத வீடுகளும் அதே ஊரில் உண்டு. மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பார்கள். கோயில் சுவரைக் கட்டியவர் அந்த வீட்டுக்காரராக இருப்பார். பந்தலுக்குக் குழி தோண்டியவரும் அவராகவே இருப்பார். ஆனால் வரி கேட்டு அவர் நடைக்கு யாரும் வரமாட்டார்கள். அவராகக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். என்ன காரணம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த வீட்டையும் தெருவையும் வைத்து ஒருவனுடைய மதிப்பைத் தீர்மானித்துவிட்டு, பிறகு அவன் என்ன செய்தாலும் அதை மாற்றாத ஊர்களில்தான் நாம் வளர்ந்தோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஊர்ப்பெயர் கேட்டதும், அடுத்ததாக "எந்தத் தெரு?" என்று கேட்பதன் அர்த்தம் நம் எல்லோருக்கும் தெரியும்.

டிம்பர்மா கரடிகள் அதைக் கேட்பதில்லை. வெளியாள் என்றால் எல்லோரையும் அடிக்கும். நைட் எல்ஃபாக இருந்தாலும், ட்ராலாக இருந்தாலும், கையில் எப்பேர்ப்பட்ட ஆயுதம் வைத்திருந்தாலும் அதே அடி. பிறகு, நீங்கள் செய்ததைப் பார்த்து மனம் மாறும். முதலில் அடிப்பதை நிறுத்தும். கொஞ்ச நாளில் பேசும். அப்புறம் தன் கடையைத் திறந்துவிடும். கடைசிப் படியில் உங்களைத் தன் இனத்தின் காவலன் என்றே சொல்லும். வெறும் அந்நியனாக வந்தவன் அந்தக் குகைக்குள் அவ்வளவு தூரம் போக முடியும். அந்த வழியில் உங்கள் ஹண்டர் ஒருமுறை நடந்துவிட்டார் என்பதற்காக உங்கள் மேஜுக்கு அதை இல்லாமல் ஆக்காதீர்கள்.

பிறப்பின் சலுகை அந்த விளையாட்டில் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் மேஜ் மனிதன் என்பதால் எந்த ரெப் கிடைத்தாலும் 10 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். அது அந்த இனத்துக்கே பிறவியில் கொடுக்கப்பட்ட வரம். 2007-ல் வந்த பர்னிங் க்ரூஸேட் என்ற விரிவாக்கத்தில் ஷட்ராத் நகரத்து ஆல்டர், ஸ்க்ரையர் என்ற இரண்டு கூட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் நடுநிலையில் தொடங்க, ட்ரேனையாகப் பிறந்தவர் ஆல்டருக்கு வேண்டியவராகவும், பிளட் எல்ஃப் ஸ்க்ரையருக்கு வேண்டியவராகவும், அடுத்த கூட்டத்துக்குப் பகையாகவும் தொடங்குவார்கள். ஆனால் ஒன்று, பிறப்பால் வந்த அந்தப் பகையைக்கூடப் பாடுபட்டு மாற்றிவிடலாம். ஆல்டரின் பகையாளியாகப் பிறந்த பிளட் எல்ஃப், சிலந்திகளின் விஷப்பைகளைப் பொறுக்கிக் கொடுத்தே அவர்கள் பக்கம் போய்ச் சேர முடியும். மாற்றவே முடியாதபடி வைத்தது அலையன்ஸ், ஹோர்ட் என்ற பெரிய பிரிவை. எதிர்ப்பக்கத்தான் பேசுவது நமக்குப் புரியாத சத்தமாகத்தான் வரும். அந்த உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத விதி அது.

புதிய முறையில் ஆடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அங்கே கூட்டங்கள் பெருகிவிட்டன. ரெப் பல இடங்களில் சுங்கச்சாவடி போல ஆகிவிட்டது. பர்னிங் க்ரூஸேடின் தொடக்கத்திலேயே, டஞ்சன் என்ற நிலவறைகளில் கடினமானவற்றின் சாவியை வாங்க ரெவர்ட் வரை போக வேண்டியிருந்தது. பிறகு அதை ஹானர்டாகக் குறைத்தார்கள். வேலைக்குப் போகிறவர், பிள்ளை வளர்க்கிறவர், தன் நான்கு கேரக்டருக்கும் நான்கு முறை சுங்கம் கட்ட வேண்டும் என்றால் அது கொடுமைதான். அங்கே ஒருமுறை கட்டினால் போதும் என்பது இரக்கம். டிம்பர்மா குகையில் சுங்கம் கிடையாது. அந்தக் கரடிகளிடம் எக்ஸால்டட் ஆகவில்லை என்றால் உங்களுக்கு எந்த ரெய்டும், அதாவது பெருங்கூட்டமாகப் போகும் சண்டையும், மூடிப்போவதில்லை. வேண்டுமென்று போகிறவர்கள் மட்டும் போகும் இடம். அதனால்தான் அதைத் தனித்தனியாகச் சம்பாதிக்கச் சொல்கிறேன்.

அந்தக் குகை விஷயத்தில் என்னை உறுத்துவது வேறொன்று. அவர்களிடம் பெயர் வாங்க நாம் கொல்வது யாரை? டெட்வுட், விண்டர்ஃபால் என்ற கூட்டங்களை. அவர்களும் அதே கரடி இனம், டிம்பர்மாவின் பங்காளிகள். புத்தி கெட்டுப்போனவர்கள் என்று விளையாட்டு சொல்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கொல்வது எனக்கு ஒப்பவில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது, பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விண்டர்ஸ்ப்ரிங் பக்கம் வென்னீர் ஊற்றருகே டொனோவா ஸ்நோடன் என்ற பெண் இருப்பார். விண்டர்ஃபால் கரடிகள் குடிக்கும் ஒரு நெருப்புத் தண்ணீரைப் பற்றி அவர் உங்களிடம் விசாரிப்பார். அதன் தடயம் ஃபெல்வுட்டில் டெட்வுட்காரர்களின் கொப்பரைவரைக்கும் உங்களைக் கூட்டிப்போகும். ஒரு கூட்டம் முழுவதையும் அந்தக் குடி எப்படிக் கெடுக்கிறது என்பது அந்தக் குவெஸ்ட் வரிசையில் தெரியும். ஹண்டரை வைத்து அதைச் செய்யாமல் விட்டிருந்தால், மேஜ் கேரக்டரை வைத்துச் செய்யுங்கள். குவெஸ்ட்டில் எழுதியிருப்பதை அவசரமில்லாமல் வாசியுங்கள். இரண்டாவது முறை போவதற்கு அதுவே போதுமான காரணம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பூஸ்ட் ஏன் வேண்டாம் என்றால், 48 என்பது ஃபெல்வுட்டுக்குச் சரியான வயது. தெற்கே இருக்கும் டெட்வுட்காரர்கள் உங்கள் லெவல்தான். இப்போது அவர்களோடு மோதினால் எக்ஸ்பியும் வரும், ரெப்பும் வரும். கூட்டாளி உங்களை 60-க்கு இழுத்துப்போய் விட்டுவிட்டால் எக்ஸ்பி என்பதே முடிந்துபோகும், அப்புறம் அதே வேலையை வெறும் ரெப்புக்காக மட்டும் செய்ய வேண்டும். ஹண்டரை வைத்து நீங்கள் பட்ட சலிப்பு பாதி அதனால் வந்ததுதான்.

கூட்டாளிக்கு மனமிருந்தால் தன் கேரக்டரோடு ஃபெல்வுட்டுக்கு வரச் சொல்லுங்கள். இரண்டு பேர் சேர்ந்து கொன்றால் எக்ஸ்பி பங்காகும், ரெப் பங்காகாது. ஆளுக்கு முழுசாகக் கிடைக்கும்.

ஞாயிறு ராத்திரி மட்டும் நேரம் என்பது உங்களுக்குச் சாதகமே. ஆடி முடித்ததும் ஸ்டார்ம்விண்ட் நகரத்துக்கு டெலிபோர்ட் ஆகி அங்கே லாக்அவுட் செய்யுங்கள். நகரத்திலோ சத்திரத்திலோ கேரக்டர் உறங்கினால், 8 மணி நேரத்துக்கு ஒரு லெவலில் 5 சதவீதம் அளவு ஓய்வுப் பலன் சேரும். அந்தப் பலன் தீரும்வரை ஒவ்வொரு கொலைக்கும் எக்ஸ்பி இரட்டிப்பு. அதிகபட்சம் ஒன்றரை லெவல். அது நிறைய 10 நாள் ஆகும். உங்கள் கணக்கில் ஞாயிறுக்கு ஞாயிறு ஒரு லெவலுக்குச் சற்று மேலேயே சேர்ந்திருக்கும். காட்டிலே லாக்அவுட் செய்தால் இதில் கால்பங்குதான், ஆகையால் சோம்பல்பட்டு ஃபெல்வுட்டிலேயே விட்டுவிடாதீர்கள். குவெஸ்ட் முடிப்பதில் வரும் எக்ஸ்பி இரட்டிக்காது. ஓய்வுப் பலன் இருக்கும் நேரத்தில் கொலையையும், அது தீர்ந்த பிறகு குவெஸ்ட் கொடுப்பதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

குகைவாசலுக்கு இப்போதைக்குப் போக வேண்டாம். ஃபெல்வுட்டின் தெற்கில் கிரேஸில் என்று ஒரு கரடி தனியாக நிற்கும். டிம்பர்மா இனம் முழுவதும் உங்களைப் பகையாக நினைக்கும் நாளிலும் அது ஒன்று உங்களோடு பேசும், வேலை கொடுக்கும். அங்கேயே தொடங்குங்கள். டெட்வுட்காரர்களிடம் கிடைக்கும் தலைப்பாகை இறகுகளை ஐந்தைந்தாக அதனிடம் கொடுக்கலாம். விற்காதீர்கள், எறியாதீர்கள். பகை தணிந்து அன்ஃப்ரெண்ட்லி வந்ததும் வடக்கே நஃபியன் என்ற டிம்பர்மா கரடியிடம் போகலாம். அப்போது குகைக்குள் முறைப்பார்கள், அடிக்க மாட்டார்கள். விண்டர்ஃபால் கூட்டத்தோடு மோத 54, 55 லெவலாவது வேண்டும். அவர்களிடம் கிடைக்கும் மணிகளைக் குகையின் அந்தப்பக்க வாசலில் நிற்கும் ஸல்ஃபா என்ற கரடி வாங்கிக்கொள்ளும். மேஜ் என்பதால் கூட்டமாகச் சேர்த்துப் பனிமழையில் கொல்லத் தோன்றும். கரடிகளில் காயம் ஆற்றுகிற ஷாமன்கள் உண்டு, அவர்களில் ஒருவரை முதலில் செம்மறியாக்கிவிட்டு மற்றவர்களைப் பாருங்கள்.

டொனோவாவின் குவெஸ்ட் வரிசை ஹை சீஃப் விண்டர்ஃபால் வரைக்கும் போகும். அவனிடம் கோணலாக எழுதிய ஒரு குறிப்பேடு கிடைக்கும். அதை வாசித்த பிறகு உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள் தம்பி. அதைப் பற்றி யாரோடாவது பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி