ஓவியம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆலமரத்தையும் அதை அண்டி வாழும் பறவை, பூச்சிகளையும் ஓவிய வரிசையாக வரைய விரும்புகிறேன். எப்படி வரைந்தாலும், நடுவில் மரமும் சுற்றிலும் உயிரினங்களுமாகப் பள்ளிக்கூடச் சுவர்ப்படம் போல அமைந்துவிடுகிறது. உயிர்களுக்கு இடையிலான தொடர்பைக் காட்டுவது எப்படி?
– வாசகி, வேளச்சேரி

பதில்: உயிரினங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவதால் நேரும் குறை இது. ஓர் உயிர் இன்னோர் உயிரைத் தொடும் இடம் எதுவோ, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலம்பழம் ஒன்றை அறுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். உட்சுவர் முழுவதும் நுண்ணிய பூக்கள் நெருங்கியிருப்பதும், சில பழங்களில் அவற்றினிடையே எள்ளைவிடச் சிறிய குளவிகள் இருப்பதும் தெரியும். ஆலுக்கென்றே அமைந்த அந்தக் குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் மரத்துக்கு விதையில்லை. அந்தப் பழம் இல்லாவிட்டால் குளவிக்கு முட்டையிட வேறு இடமில்லை. அறுத்த பழத்தைத் தாள் நிறையவும், மரத்தை ஒரு மூலையில் கட்டைவிரல் அளவிலும் வரைந்து பாருங்கள். சுவர்ப்படத்தின் சாயல் அப்போதே போய்விடும்.

அடுத்த படத்துக்குப் பனையைப் பற்றிக்கொண்டு வளர்ந்த ஆலைத் தேடுங்கள். பழம் தின்ற பறவையின் எச்சத்தோடு பனைமட்டையின் இடுக்கில் விழுந்த விதை அங்கேயே முளைத்து, பனையைச் சுற்றியபடி வேர்களைத் தரைவரை இறக்கியிருக்கும். அங்கே பறவையை வரையவே வேண்டாம். அதன் வேலை கண்ணெதிரில் நிற்கிறது.

அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். பார்வை நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து செல்வது நல்லது. 1989இல் வீசிய புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகளே அடிமரங்களாகி இன்றும் பரந்து நிற்கின்றன. நடுவென்று ஒன்றில்லாத அந்த மரத்தை வரையும்போது, தாளின் நடுவில் ஓர் அடிமரத்தை நட்டுவைக்கும் பழக்கம் தானாகவே விட்டுப்போகும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மரத்துக்குக் கண், மூக்கு வைத்துப் பெண்முகமாக்கும் படங்கள் கண்காட்சிகளில் போதும் போதும் என்னும் அளவுக்கு வந்துவிட்டன. தாங்களும் அந்த வழியில் போக வேண்டாம்.

கேள்வி: பூச்சி அரித்த இலைகளை வரைந்தால், குறையில்லாத இலையைத் தேர்ந்தெடுக்கும்படி என் ஆசிரியர் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: எதற்காக வரைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. 19ஆம் நூற்றாண்டில் மதராஸில் ராபர்ட் ஒயிட் என்ற தாவரவியலருக்காக ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்கள் செடிகளை வரைந்தார்கள். இனத்தை அடையாளம் காண உதவும் அத்தகைய படத்தில் அந்த இனத்துக்குரிய பொது வடிவம் தெளிவாகத் தெரிய வேண்டும். அங்கே உங்கள் ஆசிரியர் சொல்வதே சரி. ஆனால் மரத்தை வாழிடமாகக் காட்ட நினைப்பவருக்கு அரிபட்ட இலையே மேலானது. சென்னைத் தெருக்களில் நிற்கும் புங்கமரத்தின் இலைகளில் காணும் கொப்புளங்கள், கண்ணுக்குப் புலப்படாத சிலந்திப்பேன்களின் குடியிருப்பு. ரோஜா இலையின் ஓரத்தில் அரைவட்டமாக விழுந்திருக்கும் வெட்டு, கூடு கட்டுவதற்காகத் தேனீ ஒன்று துண்டெடுத்துச் சென்ற இடம். இவற்றை நீக்கிவிட்டு வரைந்தால் இலை மட்டும் மிஞ்சும்.

கேள்வி: மஞ்சள், இலைச்சாறு ஆகியவற்றையே வண்ணமாகப் பயன்படுத்தலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: பயிற்சிக்குப் பயன்படுத்தலாம், சுவரில் மாட்டும் படத்துக்கு வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயில் பட்டால் விரைவில் வெளுத்துவிடும், இலைப்பச்சையும் நிற்காது. கலம்காரித் துணிகளில் கடுக்காயும் இரும்புக் கரைசலும் சேர்ந்து தரும் கறுப்பு நெடுநாள் நிலைப்பது, ஆனால் காகிதத்தில் இரும்பு நாளடைவில் தாளையே அரிக்கக்கூடும் என்பதால் அதைத் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் ஊரின் மழைக்கால ஈரத்தில் தாளில் பூஞ்சை பிடிக்கும். சட்டமிடும்போது கண்ணாடி ஓவியத்தில் ஒட்டாதபடி இடையே அட்டை வைக்கச் சொல்லுங்கள்.