ரோபோ இருக்கும் ஆஸ்பத்திரிக்காகக் காத்திருக்கலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 63 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதமாகக் கால் மரத்துப்போகிறது. இப்போது மாடிப்படி ஏற முடியவில்லை, சிறுநீரும் சரியாகப் பிரிவதில்லை. முதலில் டிஸ்க் என்றார்கள். எம்ஆர்ஐ பார்த்த நரம்பு டாக்டர், தண்டுவட ரத்தக்குழாயில் ஃபிஸ்டுலா இருக்கலாம், ஆஞ்சியோ எடுங்கள் என்கிறார். ரோபோ வைத்துச் செய்தால்தான் பாதுகாப்பு என்று சொந்தக்காரர் சொல்கிறார். அதற்காகக் காத்திருக்கலாமா?"

காத்திருக்க வேண்டாம் அம்மா. மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இந்த ஃபிஸ்டுலா 50 வயது தாண்டிய ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. தமனி ரத்தம் நேராகச் சிரைக்குள் பாய்ந்துவிடும். சிரை வீங்கி, தண்டுவடத்து ரத்தம் வடிய வழியில்லாமல் தேங்கும். பெருமழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே நிலைமைதான். தேங்கி நிற்கும் நாள் கூடக்கூட, கால் பலம் முழுதாகத் திரும்பும் வாய்ப்பு குறையும். இடையில் யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டு, அதன்பின் கால் இன்னும் மோசமானதா? அப்படியானால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த நோயில் அப்படி நடப்பதுண்டு.

ஆஞ்சியோவில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாக, ஒன்றரை மில்லிமீட்டர் பருமனுள்ள கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை மகாதமனிக்குள் ஏற்றுவோம். அங்கிருந்து ஒவ்வொரு முதுகெலும்புக்கும் இடம் வலமாகச் சிறு கிளைகள் பிரியும். ஒவ்வொன்றின் வாயிலும் கத்தீட்டர் நுனியை மாட்டி, ரத்தக்குழாயை எக்ஸ்ரேயில் தெரிய வைக்கும் டை மருந்தைச் செலுத்திப் படம் எடுக்க வேண்டும். கழுத்திலிருந்து இடுப்பு வரை போனால் முப்பதைத் தாண்டும். வளைந்த நுனியை மெல்லத் திருப்பும்போது, கிளையின் வாயில் அது 'டக்'கென்று மாட்டுவது விரல் நுனிக்குத் தெரியும். வயதானவர்களின் மகாதமனியில் சுண்ணாம்பு படிந்திருக்கும். அங்கே அந்த விரல் உணர்வுதான் எனக்குத் துணை.

ரோபோவுக்கு அந்த உணர்வு கிடையாது. அது தானாக எதையும் செய்வதும் இல்லை. டாக்டர் எக்ஸ்ரே கதிர் படாதபடி ஈயத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை அசைப்பார். மேஜையோரக் கருவி வயரையும் கத்தீட்டரையும் நகர்த்தும். தமனியில் ஊசி போட்டு வழி திறப்பது அப்போதும் மனிதக் கைதான். இந்தக் கருவிகள் முதலில் இதயக் குழாய் சிகிச்சைக்காக வந்தவை. 2018 டிசம்பரில் அகமதாபாத் நோயாளிகளுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்து டாக்டர் தேஜஸ் படேல் இதயச் சிகிச்சை செய்தது இப்படித்தான். மூளைக் குழாய் சிகிச்சைக்கு அதை 2019இல் டொரன்டோவில் பயன்படுத்தினார்கள். தண்டுவடத்தில் அனுபவம் இன்னும் குறைவு.

இதன் பெரிய லாபம் டாக்டருக்கு. இரண்டு மூன்று மணி நேரம் ஈய ஏப்ரனைச் சுமந்து கதிர்வீச்சில் நிற்பது முதுகையும் உடம்பையும் கெடுக்கும். அந்தச் சுமை எனக்குத் தெரியும். கருவி நல்லதுதான், வளரட்டும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு ஆபத்தைக் குறைப்பது தண்டுவட ஆஞ்சியோ நிறைய செய்து பழகிய கை.

ஆகவே கேட்க வேண்டியவை வேறு. "தண்டுவட ஆஞ்சியோ இங்கே அடிக்கடி செய்கிறீர்களா? ஃபிஸ்டுலா தெரிந்தால் பசை செலுத்தி அடைக்க முடியுமா, அல்லது அறுவை சிகிச்சைக்கு இங்கேயே ஆள் உண்டா? மயக்க மருந்து கொடுப்பீர்களா?" மூச்சு விடும்போது உடம்பு அசைந்தால் படம் கலங்கும், அதனால்தான் கடைசிக் கேள்வி. ஸ்டான்லியிலோ சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரியிலோ நரம்பியல் பிரிவில் எம்ஆர்ஐ சிடியைக் காட்டிக் கேளுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதற்கான கவுன்டரிலும் விசாரியுங்கள்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவை எடுத்துப் போங்கள். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஞ்சியோ முடிந்தபின் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கால் திடீரென இன்னும் பலமிழந்தாலோ, தொடையில் வீக்கம் வந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் ஆஞ்சியோ தேதியைப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.