மனையை விட்டு வெளியேறும் மழைநீர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மனை எல்லையிலேயே பொது வடிகால் இருக்கிறது. அதில் இணைத்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. உங்கள் தண்ணீரோடு மற்றவர்கள் தண்ணீரும் சேர்ந்து, மனைக்குக் கீழே எந்த இடத்தில் போக வழியில்லாமல் முட்டுகிறது என்று ஆய்வு செய்ய வேண்டும். எவ்வளவு தூரம் போவது என்பதற்குப் பல இடங்களில் ஒரு 10 சதவீதக் கணக்கு உண்டு. மொத்த வடிநிலப் பரப்பில் (அந்த இடத்துக்குத் தண்ணீர் வடிந்து வரும் நிலம் முழுவதும்) உங்கள் மனை 10 சதவீதமாகச் சுருங்கும் இடம் வரை ஆராய வேண்டும். 2 ஹெக்டேர் மனை என்றால், 20 ஹெக்டேர் தண்ணீர் சேரும் இடம் வரை. அதற்குச் சற்றுக் கீழே வீடுகளுக்குள் தண்ணீர் புகும் தெரு இருந்தால் அங்கும் போய்ப் பாருங்கள். விதியைக் காட்டி நின்றுவிடாதீர்கள்.

கேள்வி: பெய்வது அதே மழைதானே, கட்டடம் வந்தால் ஓட்டம் ஏன் கூடுகிறது?

பதில்: மண் குடிக்கும் தண்ணீரைக் கான்கிரீட் குடிக்காது. ஓட்டக் குணகம் (பெய்த மழையில் ஓடிவிடும் பங்கு), மழைச்செறிவு (மணிக்கு மி.மீ.), பரப்பு (ஹெக்டேர்) மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று உச்ச ஓட்டம் கிடைக்கும். அதே 2 ஹெக்டேரில் மணிக்கு 60 மி.மீ. மழை. குணகம் 0.3 உள்ள வெற்றுநிலத்தில் நொடிக்கு 0.1 கன மீட்டர், அதாவது 100 லிட்டர். கட்டிய பிறகு 0.8 ஆனால் சுமார் 267 லிட்டர். உண்மையில் இன்னும் கூடும். வழவழப்பான தளத்தில் நீர் சீக்கிரம் வந்து சேர்வதால், குறுகிய நேரத்துக்குரிய அதிகச் செறிவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேள்வி: கீழே 600 மி.மீ. குழாய் இருப்பதாக வரைபடம் சொல்கிறது. அதை நம்பலாமா?

பதில்: மேன்ஹோல் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் 200 மி.மீ. வண்டல் கிடந்தால் குழாயின் குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிற்று. பெரிய குழாய்க்குக் கீழே சின்னக் குழாயை இணைத்திருப்பதும் உண்டு. அப்புறம் முகத்துவாரம், அதாவது குழாய் தண்ணீரை வெளியே விடும் வாய். ஆற்றிலோ ஏரியிலோ நீர்மட்டம் ஏறி வாய் மூழ்கிவிட்டால், சுத்தமான குழாயிலும் தண்ணீர் எதிர்த்து நிற்கும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மதகுச் சுவரில் படிந்த சேற்றுக்கோடு, வேலியில் சிக்கிய குப்பை, கரை அரிப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் வெகுநாளாக இருப்பவர்களிடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். எந்த மென்பொருளும் அதைச் சொல்லாது.

கேள்வி: மழைநீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடும் தேக்கக் குட்டை கட்டுகிறோம். பிறகும் மனைக்குக் கீழே ஆய்வு தேவையா?

பதில்: தேவை. குட்டை உச்சத்தைக் குறைக்கும். மொத்த நீரின் அளவு அதிகமாகவே இருக்கும். நீங்கள் தாமதித்து விடும் தண்ணீர், மேலிருந்து வரும் பிரதான வெள்ளத்தின் உச்சத்தோடு சேர்ந்துகொண்டால் கீழே நிலைமை மோசமாகலாம். குறிப்பாக வடிநிலத்தின் கடைசிப் பகுதியில் உள்ள மனைகளில், தண்ணீரை முன்கூட்டியே போகவிடுவதே சில நேரம் நல்லது. இரண்டு விதமாகவும் கணக்கிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: 10 ஆண்டு மழைக்கு வடிவமைத்தால் 10 ஆண்டுக்குக் கவலை இல்லையா?

பதில்: அப்படி இல்லை. அந்த அளவு மழை பெய்ய ஒவ்வோர் ஆண்டும் 10 சதவீத வாய்ப்பு என்றுதான் பொருள். 10 ஆண்டுகளில் ஒருமுறையாவது அந்த அளவைத் தொடவோ தாண்டவோ வாய்ப்பு சுமார் 65 சதவீதம். ஆகவே குழாய் நிரம்பிய பிறகு தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்பதையும் வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள்.