துரோகியின் வாரச் சம்பளம்

கேள்வி: நீல் ஃபிராங்க்ளின் என்று ஓர் இங்கிலாந்துக் கால்பந்து டிஃபெண்டர். 1950 உலகக் கோப்பைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, பணத்துக்காகக் கொலம்பியாவுக்கு ஓடிப்போனவர். அவர் இல்லாததால்தான் இங்கிலாந்து அமெரிக்காவிடம் தோற்று மானம் கப்பலேறியது. இப்படிப்பட்ட துரோகியை, இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட்டைவிடச் சிறந்தவர் என்று சிலர் எழுதுவது நியாயமா?

பதில்: முதலில் அமெரிக்காவை முடித்துவிடுவோம். 1950 ஜூன் 29, பிரேசிலின் பெலோ ஹொரிசாந்தி. ஸ்கோர் 1-0. ஜோ கேட்ஜென்ஸ் தலையால் தட்டிவிட்ட ஒரே ஒரு கோல். ஃபின்னி, மோர்டென்சன், மானியன் எல்லாரும் இருந்த இங்கிலாந்து முன்வரிசை, ஆட்டத்தின் பெரும்பகுதியில் அமெரிக்கக் கோல் முன்னாலேயே நின்றும் ஒன்றுகூடப் போடவில்லை. ஃபிராங்க்ளின் பின்னால் நின்றிருந்தால் மிஞ்சிப்போனால் 0-0. அடுத்த ஆட்டத்தில் ஸ்பெயினிடமும் அதே 1-0 தோல்வி. அமெரிக்காவுக்கு எதிராக நட்சத்திர விங்கர் ஸ்டான்லி மேத்யூஸை இறக்காமல் உட்கார வைத்தவர் தேர்வாளர் ஆர்தர் ட்ரூரி. பிற்பாடு ஃபிஃபாவுக்கே தலைவரானார். அவரைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தை இல்லை.

ஃபிராங்க்ளின் இல்லாதது உண்மையிலேயே வலித்த நாள் வேறு. 1953 நவம்பர் 25, வெம்ப்ளி, ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. ஹிடேகுட்டி சென்டர் ஃபார்வர்டு என்ற பெயரில் இறங்கி, நடுக்களத்துக்குப் பின்வாங்கி ஆடினார். அவரைத் துரத்திக்கொண்டு போவதா, இடத்தைக் காத்து நிற்பதா என்று இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர், ஹாரி ஜான்ஸ்டனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஹிடேகுட்டிக்கு மூன்று கோல். 1950 முதல் 1954 வரை இங்கிலாந்து அந்த இடத்தில் ஒருவர் மாற்றி ஒருவராக நிறுத்திப் பார்த்தது, யாரும் நிலைக்கவில்லை. அதற்கு முன் நான்கு வருடம் அந்தக் கவலையே இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்து ஆடிய முதல் 27 சர்வதேச ஆட்டங்களிலும், ஒன்றுவிடாமல், சென்டர் ஹாஃப் ஃபிராங்க்ளின்தான். லிஸ்பனில் போர்ச்சுகலை 10-0 என்று உரித்தபோதும், உலக சாம்பியன் இத்தாலியை டூரினில் 4-0 என்று வென்றபோதும் அவரே.

அந்தக் காலத்தில் சென்டர் ஹாஃப் என்றால் ஸ்டாப்பர். எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை ஒட்டிக்கொண்டே நிற்பது, பந்து வந்தால் முட்டுவது, இல்லையென்றால் கேலரிக்கு உதைப்பது. அவ்வளவுதான் வேலை. ஃபிராங்க்ளின் அப்படி ஆடவில்லை. பந்தை அடக்கி, தலையை நிமிர்த்திப் பார்த்து, பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்தே தன் ஆளுக்குப் பாஸ் கொடுப்பார். இன்றைக்கு டிஃபெண்டர்கள் அப்படிச் செய்தால் கைதட்டுகிறோம். அன்றைக்கு மேனேஜர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். 1922இல் ஸ்டோக்கில் பிறந்து, ஸ்டோக் சிட்டிக்கே ஆடியவர். 1946-47 சீசனின் கடைசி ஆட்டத்தில் ஷெஃபீல்டு யுனைடெட்டை வென்றால் லீக் பட்டமே ஸ்டோக்குக்கு. 2-1 என்று தோற்று நான்காவது இடம். அதற்குச் சில வாரம் முன்புதான் கிளப் மேத்யூஸை 11,500 பவுண்டுக்கு பிளாக்பூலிடம் விற்றிருந்தது. கிளப் விற்றால் அது வியாபாரம், ஆட்டக்காரன் தானாகப் போனால் துரோகமா?

1950இல் இங்கிலாந்தின் எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 12 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது லீக் விதி. கோடையில் அதுவும் 10. நாட்டின் முதல் சென்டர் ஹாஃபுக்கும் அதே உச்சவரம்பு. இதே லீக் ஆட்டங்களைப் பார்க்க 1948-49 சீசனில் டிக்கெட் வாங்கியவர்கள் 4 கோடிக்கும் மேல். இதில் இன்னொரு பூட்டும் உண்டு. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கிளப் கையில்தான் இருக்கும். கிளப் விடாவிட்டால் லீக்கில் வேறு எங்கும் ஆட முடியாது.

அந்த நேரத்தில்தான் கொலம்பியா. அங்கே லீக் ஃபிஃபாவுக்கு வெளியே நின்றது, அதனால் யாருக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை கட்ட வேண்டியதில்லை. மிச்சமான பணம் நேரே ஆட்டக்காரர் பைக்குப் போனது. அர்ஜென்டினாவிலிருந்து நட்சத்திர ஆட்டக்காரர் டி ஸ்டெஃபானோவே முந்தைய வருடம் போய்விட்டார். பொகோட்டாவின் சான்டா ஃபே கிளப் கொடுப்பதாகச் சொன்ன சம்பளம் இங்கிலாந்து உச்சவரம்பைப் போலப் பல மடங்கு. ஃபிராங்க்ளினும் ஸ்டோக்கின் ஜார்ஜ் மவுன்ட்ஃபோர்டும் கிளம்பினார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் சார்லி மிட்டனும் பின்னால் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன விதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. மனைவி கர்ப்பமாக இருக்கிறார், அதனால் உலகக் கோப்பைக்கு வர இயலாது என்று கால்பந்து சங்கத்திடம் சொன்னார். அது பொய்யில்லை, ஆனால் அதே கர்ப்பிணி மனைவியை அழைத்துக்கொண்டு பொகோட்டாவுக்கு விமானம் ஏறினார். கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டர் உயரத்தில், அரசியல் கொலைகளும் ஊரடங்குமாக இருந்த ஊர் அது. விசாரித்துவிட்டுப் போயிருக்கலாம். சான்டா ஃபேக்கு ஆடியது ஆறே ஆட்டம். மவுன்ட்ஃபோர்டும் மிட்டனும் ஒரு சீசன் தாக்குப்பிடித்தார்கள், இவர் அவசர அவசரமாக ஊர் திரும்பினார். ஆக, போனதைவிட அவர் சொதப்பியது திரும்பியதில்தான்.

வந்தவருக்கு என்ன கிடைத்தது? சங்கம் தடை போட்டது. ஸ்டோக் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை, ஆனால் பதிவை மட்டும் விடவில்லை. 1951 பிப்ரவரியில், இரண்டாம் டிவிஷனில் இருந்த ஹல் சிட்டியிடம் 22,500 பவுண்டுக்கு விற்றது. விற்கப்பட்டவருக்கு விதிப்படி கிடைக்கக்கூடிய கையெழுத்துத் தொகை 10 பவுண்டு. வாரம் 12 பவுண்டு என்று வைத்தால் 22,500 பவுண்டு 36 வருடச் சம்பளம். பணத்தாசை பிடித்தவர் என்று அவரைத் திட்டிய அதே ஆட்கள் அந்தத் தொகையை எண்ணி வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். உங்கள் கேள்விக்கு ‘துரோகி’ என்ற சொல் கட்டாயம் வேண்டுமென்றால், அதை எந்தப் பக்கம் ஒட்டுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்துச் சட்டையை அவர் மறுபடி போடவே இல்லை. அந்தச் சட்டையில் கடைசியாக ஆடியபோது வயது 28. ஹல்லில் காயங்கள், அப்புறம் க்ரூ, ஸ்டாக்போர்ட் என்று கீழே கீழே இறங்கி 1958இல் லீக் ஆட்டத்தை நிறுத்தினார். கொஞ்ச காலம் சைப்ரஸில் பயிற்சியாளர், 1963 முதல் 1968 வரை கோல்செஸ்டர் கிளப்பின் மேனேஜர். 1996இல் இறந்தார். சம்பள உச்சவரம்பு 1961 ஜனவரியில், வேலைநிறுத்த மிரட்டலுக்குப் பிறகு ஒழிந்தது. அந்த வருடமே ஃபுல்ஹாம் கிளப் தன் ஆட்டக்காரர் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில், பதிவைப் பிடித்துவைக்கும் முறை நியாயமற்றது என்று 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார்.

கடைசியாக பில்லி ரைட். இருவரும் முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டத்தை ஒரே நாளில் ஆடினார்கள்: 1946 செப்டம்பர் 28, பெல்ஃபாஸ்ட், வடக்கு அயர்லாந்துக்கு எதிராக 7-2. ரைட் 105 வரை போனார், 100 ஆட்டத்தைத் தொட்ட உலகின் முதல் சர்வதேச ஆட்டக்காரர். ஆனால் முதல் எட்டு வருடம் அவர் பெரும்பாலும் சென்டர் ஹாஃபின் பக்கத்தில், ஹாஃப் வரிசையின் ஓரத்தில் ஆடியவர். 1954 உலகக் கோப்பையில் சிட் ஓவன் அடிபட்ட பிறகுதான் நடுவே வந்தார். எத்தனை வருடம் ஆடினார், எப்படித் தலைமை தாங்கினார் என்று கேட்டால் சந்தேகமே இல்லை, ரைட். சென்டர் ஹாஃப் இடத்தில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டால் என் ஓட்டு ஃபிராங்க்ளினுக்கு.