சிக்னலில் நின்ற காரைப் பின்னாலிருந்து இடித்துவிட்டார்கள், கழுத்தில் காயம். இன்சூரன்ஸ் கம்பெனி 60,000 ரூபாய் தருகிறது, வாங்கலாமா?

சிகிச்சை முடியும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். கழுத்து வலி சில சமயம் மறுநாள்தான் தலைகாட்டும், மாதக்கணக்கில் இழுக்கும். இறுதித் தீர்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் கூடுதலாகக் கேட்பது பெரும்பாடு.

நின்ற வண்டியில் மோதியதால் தவறு யார்மேல் என்பதில் பெரிய சண்டை வராது. சண்டையெல்லாம் தொகையில்தான். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், வலி வேதனை எல்லாம் கேட்கலாம். நிரந்தரக் குறைபாடு இருந்தால் கணக்கே மாறும். உடலில் எத்தனை சதவீதம் குறை என்பதைவிட, அதனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதே முக்கியம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. உதாரணமாக, வயது 34, மாத வருமானம் 20,000, திறன் இழப்பு 10 சதவீதம் என்றால், ஆண்டு இழப்பு 24,000. இந்த ஆண்டு இழப்பை, வயதைப் பொறுத்து நீதிமன்றங்கள் வைத்திருக்கும் ஒரு எண்ணால் பெருக்குவார்கள்; 34 வயதுக்கு அது 16. ஆக 3,84,000 ரூபாய், இந்த ஒரு தலைப்பில் மட்டும். 60,000 எங்கே, இது எங்கே!

எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்), மருந்து பில், சம்பளச் சான்று எதையும் தொலைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவின்படி மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.